லத்தீன் வினைக்குத் தமிழில் ஒரு வாய்பாடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல் மாணவர் எழுதியது)

தாவரவியல் பயிலும் நமக்கு லத்தீன் மொழி அறவே அந்நியமானதன்று. மாமரத்தை மாஞ்சிஃபெரா இண்டிகா என்றும், வேம்பை அசாடிராக்டா இண்டிகா என்றும் எழுதி அடிக்கோடிட்டுப் பழகியவர்கள் நாம். அடிக்கோடு விடுபட்டால் மதிப்பெண் குறையும் என்ற அச்சத்திலேயே கொஞ்சம் லத்தீன் நமக்கு மனப்பாடமாகிவிட்டது. இவற்றுள் அசாடிராக்டா என்பது லத்தீனே அன்று. லத்தீன் சட்டை மாட்டிக்கொண்ட பாரசீகச் சொல். மாஞ்சிஃபெராவின் முற்பாதியோ நம் மாங்காய்! பிற்பாதியாகிய 'ஃபெர்' மட்டுமே லத்தீன். தாங்குதல், சுமத்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. மாங்காய் தாங்கும் மரம் என்பதே பெயரின் கருத்து.

ஆக, இந்தப் பெயர்களுக்குள் எங்கோ ஒரு வினைச்சொல் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் லத்தீன் வினையைப் பற்றி எவரும் நம்மைக் கேட்பதில்லை. பெயரும் பெயரடையும் தெரிந்தால் தேர்வு எழுதிவிடலாம். 1935 முதல் 2011 முடிய, புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு தாவரத்துக்கு முறையாகப் பெயரிட வேண்டுமானால் அதன் விவரத்தை லத்தீனிலேயே எழுதவேண்டும் என்ற உலக விதி இருந்தது. 2012 சனவரி முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று தளர்த்திவிட்டார்கள். அந்த விவரங்களிலும்கூட வினைச்சொற்கள் அரிது. 'இலை நீள்வட்டம், நுனி கூர்மை, இதழ் ஐந்து' என்று தந்தி அடிப்பது போலச் சொல்லிச் செல்வதே அங்கு மரபு.

பிறகு ஏன் வினையைக் கற்க வேண்டும்? 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூலை நம்மில் பலர் பெயரளவில் அறிவோம். மலபாரில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்தது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு மருத்துவச் செய்திகளைத் தந்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அவர் வாய்மொழியாகச் சொன்னது லத்தீன் உரைநடையாக மாறி ஐரோப்பா சென்றது. கார்ல் லின்னேயசும் அதைப் பயன்படுத்தினார். ஆனால், அந்த வைத்தியரின் ஊரார் அதைப் படிக்க வேண்டுமானால் லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். பேராசிரியர் மணிலால் பல்லாண்டுகள் உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலம் 310 ஆண்டுகள்! நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் செடியைப் பற்றி நம்மவர் சொன்னதையே நம்மால் படிக்க முடியாமல் ஒரு மொழி நடுவே நின்றது. அந்த மொழியின் உரைநடைக்குள் நுழைந்தால் பெயரும் பெயரடையும் போதா, வினை வேண்டும். அதிலும், படிப்பவரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுவது ஒரு வினை வடிவம். ஆங்கிலத்தில் அதனை 'சப்ஜங்க்டிவ்' என்பர். இக்கட்டுரையில் அதை 'விழைவு வினை' என்று குறிக்கிறேன். நிகழ்வதை உள்ளபடி கூறும் சாதாரண வினையைச் 'செய்தி வினை' என்று வைத்துக்கொள்வோம்.

விழைவு வினை என்பது என்ன? தமிழாசிரியரின் வகுப்பை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரே சொல்லில் விடை கூறலாம்: வியங்கோள். 'வாழ்கிறான்' என்பது செய்தி. 'வாழ்க' என்பது செய்தியன்று, அது விருப்பம். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகியவை வியங்கோளின் பொருள்கள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். லத்தீனில் 'வீவித்' என்றால் வாழ்கிறான். 'வீவத்' என்றால் வாழ்க. இடையில் இகரம் அகரமானது, செய்தி வாழ்த்தாகிவிட்டது.

ஒரு வேறுபாடு உண்டு. 'வாழ்க' என்னும் நம் சொல் யான், நீ, அவன், அவர் எல்லோருக்கும் பொது. தொல்காப்பியர் வியங்கோளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் எளிதில் கொள்ளமாட்டார். நன்னூலார் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் உரியது என்பார். லத்தீனோ ஒவ்வோரிடத்துக்கும் தனி விகுதி வைத்திருக்கிறது. வீவம், வீவாஸ், வீவத், வீவாமுஸ், வீவாதிஸ், வீவந்த். இவற்றுக்கு நேராக வாழ்வேனாக, வாழ்வாயாக, வாழ்வானாக, வாழ்வோமாக, வாழ்வீர்களாக, வாழ்வார்களாக என்று வைத்துப் பாருங்கள். ஆறுக்கு ஆறு பொருந்துகிறது. ம், ஸ், த், முஸ், திஸ், ந்த் என்ற இந்த ஆறு விகுதிகளும் விழைவு வினையின் எல்லாக் காலங்களுக்கும் பொது. ஆகவே இவற்றை ஒரு முறை உருப்போட்டால் போதும்.

தொல்லை விகுதியில் இல்லை, இடைநிலையில் இருக்கிறது. லத்தீன் வினைகள் நான்கு வகை. செய்வினை மட்டும் எடுத்தாலும் விழைவு வினைக்கு நான்கு காலங்கள். காலத்துக்கு ஆறு வடிவங்கள். நான்கு வகைக்குமாக 96 வடிவங்கள். பட்டியலைக் கண்டாலே புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். ஆனால் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துவிட்டால் 96-உம் சில துண்டுகளாகச் சுருங்கிவிடும்.

முதலில் நிகழ்காலம். நான்கு வகைக்கும் ஒவ்வொரு வினை எடுத்துக்கொள்வோம். அமத் (நேசிக்கிறான்), மொனெத் (எச்சரிக்கிறான்), ரெகித் (ஆள்கிறான்), அவுதித் (கேட்கிறான்). இவை செய்தி வினைகள். இவற்றின் விழைவு வடிவங்கள் முறையே அமெத், மொனெயத், ரெகத், அவுதியத். கூர்ந்து பார்த்தால் இரண்டாம், மூன்றாம், நான்காம் வகைகளில் அகரம் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் வகையில் மட்டும் அகரம் ஏற்கெனவே குடியிருப்பதால், அங்கே அடையாளம் காட்ட எகரம் வந்தது என்று கொண்டால் நினைவில் நிற்கும். ஆக, இடைநிலைகள்: எ, எய, அ, இய. த், ம், ந்த் ஆகியவற்றின் முன் இவை குறுகி ஒலிக்கும்; மற்ற இடங்களில் நீண்டு ஏ, எயா, ஆ, இயா என்று ஒலிக்கும்.

இந்த நான்கையும் நினைவில் வைக்க ஆங்கிலேய மாணவர்கள் 'வீ ஃபியர் எ லயர்' என்று ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள். 'பொய்யனைக் கண்டு அஞ்சுகிறோம்' என்று பொருள். அந்த நான்கு சொற்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலில் உள்ள உயிரெழுத்துகளைப் பொறுக்கினால் விடை கிடைக்கும். நல்ல உத்திதான், ஆனால் அது கண்ணுக்கு உரியது, காதுக்கு உரியதன்று. சொல்லிப் பார்த்தால் அந்த ஒலிகள் வருவதில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த என் போன்றோர் முதலில் ஆங்கில எழுத்துக் கூட்டலை நினைவுபடுத்தி, அதன் வழியாக லத்தீனை நினைவுபடுத்த வேண்டும். ஆற்றைக் கடக்க ஒரு பரிசல், அந்தப் பரிசலுக்குப் போக இன்னொரு பரிசல்!

நம்மிடம் இதைவிட நல்ல முறை இருக்கிறது. யாப்பிலக்கணத்தில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வாய்பாடு சொல்கிறோமே, அதன் அழகு என்ன? 'தேமா' என்ற சொல் நேர் நேர் என்பதைக் குறிக்கிறது என்பது மட்டுமன்று. அந்தச் சொல்லே நேர் நேராக இருக்கிறது. குறியும் பொருளும் ஒன்று. வாயால் சொன்னால் காது கணக்கிட்டுக்கொள்ளும். (இந்த வாய்பாடுகள் மரப் பெயர்களாக அமைந்திருப்பதில் தாவரவியல் துறைக்குத் தனிப் பெருமை உண்டு என்பதைத் தமிழ்த்துறை நண்பர்களுக்கு இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன்.) அதே முறையில், முதலசையிலேயே வேண்டிய உயிர் ஒலிக்குமாறு நான்கு தமிழ்ச் சொற்களைக் கோத்தேன். விடுதி அறை நண்பர்கள் இப்போது லத்தீன் தெரியாமலேயே இதைச் சொல்லித் திரிகிறார்கள்:

பேரன் பேயானால் தாத்தா தியாகி.

பேரன் – ஏ. பேயானால் – ஏயா. தாத்தா – ஆ. தியாகி – இயா. முதல் வகை பேரன், இரண்டாம் வகை பேயானால், மூன்றாம் வகை தாத்தா, நான்காம் வகை தியாகி. பேரன் ஏன் பேயானான், அதற்குத் தாத்தா என்ன தியாகம் செய்தார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பொருளில் ஒரு கோணல் இருந்தால்தான் வாய்பாடு மறக்காது. மூன்றாம் வகையிலேயே 'கபியோ' (எடுக்கிறேன்) போன்று இகரம் ஏற்ற சில வினைகள் உண்டு. அவை தாத்தாவை விட்டுத் தியாகியிடம் போய்விடும்: கபியத்.

வாய்பாடு எதற்குப் பயன்படும் என்பதை நாம் நாள்தோறும் கேட்கும் சொற்களைக் கொண்டே சோதித்துவிடலாம். 'ஹேபிடட்' என்று சூழலியலில் படிக்கிறோம். வாழிடம் என்று தமிழில் எழுதுகிறோம். இது பெயர்ச்சொல் போலத் தோன்றினாலும் உண்மையில் லத்தீன் வினைமுற்று. 1753-இல் வெளிவந்த 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' நூலில் லின்னேயஸ் ஒவ்வொரு செடியும் எங்கே வளர்கிறது என்று சொல்லும்போது இந்தச் சொல்லால்தான் தொடங்குவார். ஹபிதத்: வசிக்கிறது. இனி, நீதிமன்றத்தில் வழங்கும் 'கேவியட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் கவெயத். இரண்டும் 'அத்' என்றே முடிகின்றன. ஆனால் முன்னது செய்தி வினை. பின்னது விழைவு வினை. ஹபிதத் முதல் வகை. அதற்கு அகரம் பிறவியிலேயே உண்டு. கவெயத் இரண்டாம் வகை, அது 'பேயானால்'. 'அவன் எச்சரிக்கையாய் இருப்பானாக' என்று பொருள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு வரும் கடிதம், ரசீது, அறிவிப்பு எல்லாம் நான் விடுமுறையில் வரும் வரை சாமி படத்தின் பின்னால் காத்திருக்கும். வரப்புத் தகராறு ஒன்றில் எதிர்த் தரப்பார் கேவியட் போட்டிருப்பதாக ஒரு தாள் வந்திருந்தது. "கேவியட்டுன்னா என்னப்பா?" என்று அப்பா கேட்டார். "அவன் உஷாரா இருக்கட்டும்னு அர்த்தம்ப்பா" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "எவன்? நாமளா, அவனா, கோர்ட்டா?" என்றார். இலக்கணப் புத்தகம் எதுவும் எழுப்பாத நல்ல கேள்வி அது. படர்க்கை ஒருமை விகுதி ஆளைச் சுட்டுகிறது, பெயரைச் சொல்வதில்லை. சட்டம் அதற்கு விடை வைத்திருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 148-ஏ பிரிவின்படி, மனு போட்டவருக்கு அறிவிப்புக் கொடுக்காமல் அவருக்கு எதிராக உத்தரவு போட வேண்டாம் என்பதே கேவியட். 90 நாள் வரை அது செல்லும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது நீதிமன்றம். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார். அந்த 'எய' என்னும் இடைநிலைக்குள் எங்கள் ஒன்றரை ஏக்கரும் அடங்கியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நீதிமன்ற வாசலில் இன்னும் சற்று நிற்போம். அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு கூறும் ஐந்து பேராணைகளை அரசியல் அறிவியல் நண்பர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் விழைவு வினை. 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்பதில் உள்ள ஹபெயாஸ் இரண்டாம் வகை, முன்னிலை ஒருமை: 'நீ உடலைக் கொண்டிருப்பாயாக', அதாவது பிடித்து வைத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவாயாக. 'மாண்டமஸ்' கேட்பதற்கு அதைவிட அதட்டலாக இருந்தாலும் வெறும் செய்தி வினைதான்: மந்தாமுஸ், 'கட்டளையிடுகிறோம்'. முதல் வகை வினையாதலால் அந்த ஆகாரம் பிறவி ஆகாரம். விழைவு வடிவம் வேண்டுமானால் பேரன் வரவேண்டும்: மந்தேமுஸ். 'செர்ஷியோராரி' என்பது எச்சம். மற்ற இரண்டில் முற்றுவினையே இல்லை.

இப்படியே கல்லறைகளில் காணும் 'ரெக்வியேஸ்கத்' (அமைதியாய் உறங்குக) தாத்தா வகை. பழைய ஆங்கில மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் எழுதிய 'ஃபீயத்' (ஆகுக) தியாகி வகை. கம்பவுண்டர் கலவையைக் கலக்க அதுவே உத்தரவு. அச்சிட அனுமதி என்ற பொருளில் வழங்கும் 'இம்ப்ரிமாதுர்' என்பது செயப்பாட்டு வினை: அச்சிடப்படுக. செயப்பாட்டுக்கு விகுதிதான் மாறும் (ர், ரிஸ், துர், முர், மினி, ந்துர்). இடைநிலை அதே தாத்தாதான்.

பேரனுக்கு எடுத்துக்காட்டு இம்மலரை அச்சிடும் அச்சகத்திலேயே கிடைக்கும். மெய்ப்புத் திருத்துவோர் ஒரு சொல்லை அடித்துவிட்டு, பிறகு மனம் மாறினால், ஓரத்தில் 'ஸ்டெட்' என்று குறிப்பது வழக்கம். ஸ்தெத்: நிற்க. அடிக்காதே, அப்படியே இருக்கட்டும் என்பது கருத்து. நாம் கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டு 'நிற்க' என்று போட்டுச் செய்திக்கு வருகிறோமே, அதே நிற்க! பொருள் சற்று வேறு; இலக்கணம் ஒன்றே.

இந்த 'நிற்க' என்ற சொல்லில்தான் லத்தீன் விழைவு வினையின் பாதி இரகசியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'அது நிற்க' என்னும்போது அது வியங்கோள். 'அவனால் நிற்க முடியவில்லை' என்னும்போது செயவென் எச்சம். வள்ளுவர் கல்வி அதிகாரத்தைத் தொடங்கும் 'கற்க' என்ற சொல்லும் அப்படியே. தனியே நின்றால் விதித்தல். 'கற்க வருகிறான்' என்றால் நோக்கம். ஒரே உருவம், இரண்டு வேலை. லத்தீனிலும் இதுவே. 'திஸ்கத்' என்று தனியே சொன்னால் 'கற்பானாக'. 'வெனித் உத் திஸ்கத்' என்றால் 'கற்க வருகிறான்'. இலக்கண நூல்கள் இவற்றை இரண்டு தனித்தனி அத்தியாயங்களில் வைத்து, இரண்டு பெயர் சூட்டி, நம்மை அச்சுறுத்துகின்றன. தமிழ் மாணவனுக்கு அவை இரண்டல்ல. ஒருவன் ஒன்றை நோக்கி வருகிறான் என்றால், அது இன்னும் நிகழவில்லை, நிகழ வேண்டும் என்பதுதானே பொருள்? நிகழாததை விழைவதே இரண்டுக்கும் அடிப்படை.

வியங்கோள் விகுதிகளுள் 'இய' என்பதும் ஒன்று (வாழிய). லத்தீனிலும் நான்காம் வகைக்கு இய. இதைக் கண்டு எவரும் லத்தீன் தமிழிலிருந்து பிறந்தது என்று மேடையேறிவிட வேண்டாம். ஒலி ஒத்தது தற்செயல். நினைவுக்கு உதவினால் பயன்படுத்திக்கொள்வோம், அவ்வளவே.

இனி மற்ற மூன்று காலங்கள். இவை நிகழ்காலத்தைவிட எளியவை. இங்கே வகை பார்க்க வேண்டியதே இல்லை. தொடர் இறந்தகாலத்துக்கு எச்ச வடிவத்தை முழுசாக எடுத்து, விகுதியை ஒட்டிவிட வேண்டும். அமாரெ என்றால் 'நேசிக்க'. அமாரெம், அமாரேஸ், அமாரெத். மொனேரெ – மொனேரெம். ரெகெரெ – ரெகெரெம். அவுதீரெ – அவுதீரெம். குடத்தை உடைக்காமல் கழுத்தில் கயிறு கட்டுவது போன்றது. மேலே சொன்ன வாக்கியத்தையே இறந்தகாலத்துக்கு மாற்றினால் இதன் வேலை தெரியும்: 'வேனித் உத் திஸ்கெரெத்', கற்க வந்தான். தமிழில் வருகிறான், வந்தான் என்று எது வந்தாலும் 'கற்க' அசையாது. லத்தீனில் முன் வினை இறந்தகாலமானால் பின் வினையும் பின்வாங்க வேண்டும். தலைவர் எழுந்தால் உடன் எழும் தொண்டர் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நினைவுக் குறிப்பும் லத்தீனும் பழைய கூட்டாளிகள் என்பதை இங்கே சொல்லலாம். 13-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தருக்க நூல்களில் அனுமான வடிவங்களுக்குப் 'பார்பரா', 'கேலாரென்த்' என்பன போன்ற பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அச்சொற்களின் உயிரெழுத்துகளே வாக்கிய வகைகளைக் குறிக்கும் குறியீடுகள். நம் தேமா, புளிமா போலவே! அவற்றுள் கேலாரென்த் என்பது 'மறைத்தல்' வினையின் தொடர் இறந்தகால விழைவு வடிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது: கேலாரெ என்ற எச்சத்தோடு ந்த் விகுதி.

முற்றிய இறந்தகாலத்துக்கு அடையாளம் 'எரி': அமாவெரிம், மொனுவெரிம். அதற்கும் முந்தைய காலத்துக்கு அடையாளம் 'இஸ்ஸெ': அமாவிஸ்ஸெம், மொனுவிஸ்ஸெம். இவ்விரண்டையும் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் பிடித்தேன். விறகு எரிந்து முடிந்தது, அதுதான் எரி. அந்தக் கொள்ளியில் தண்ணீர் தெளித்தால் 'இஸ்ஸ்' என்று ஓசை வரும். அடுப்பின் கதை அத்தோடு தீர்ந்தது. ஒன்று முடிந்த காலம்; மற்றொன்று முடிந்தும் ஆறிப்போன காலம். ஆறிப்போனது என்பதால்தான் நடக்காமல் போனவற்றைப் பேச இந்த 'இஸ்ஸ்' பயன்படுகிறது. 'சீ வேனிஸ்ஸெத், வீதிஸ்ஸெம்': வந்திருந்தால் கண்டிருப்பேன். வரவுமில்லை, காணவுமில்லை. தமிழில் இரண்டு பக்கமும் 'இரு' என்ற துணைவினை நிற்பது போல, லத்தீனில் இரண்டு பக்கமும் 'இஸ்ஸ்' நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள எந்தத் தமிழனுக்கும் பயிற்சி வேண்டாம். 'அன்றே படித்திருந்தால்' என்று தொடங்கும் வாக்கியங்களை நம் தாய் தந்தையர் வாயால் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

'இரு' என்னும் வினையே லத்தீனில் ஒழுங்கற்றது. அதன் விழைவு வடிவம் சிம், சீஸ், சித், சீமுஸ், சீதிஸ், சிந்த். கைபேசிக்குள் சிம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. 'வெலிம்' (விரும்புவேனாக), 'போஸ்ஸிம்' (இயல்வேனாக) ஆகியவையும் சிம்மின் உறவினர்கள்.

வாய்பாட்டின் எல்லையையும் சொல்லவேண்டும். அமெத், மொனெத், ரெகெத் மூன்றும் 'எத்' என்று முடிகின்றன. முதலாவது 'நேசிப்பானாக' என்னும் விழைவு. இரண்டாவது 'எச்சரிக்கிறான்' என்னும் செய்தி. மூன்றாவது 'ஆள்வான்' என்னும் எதிர்காலம்! சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் இடைநிலையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்ட இயலாது. தமிழ் கற்கும் வெளியூரார் 'படிந்தான்', 'படித்தான்' இரண்டுக்கும் பகுதி 'படி' என்று அறிந்து திகைப்பது போன்ற நிலை இது. எனவே அகராதியில் ஒரு வினையைப் பார்க்கும்போதே அதன் எச்ச வடிவத்தையும் சேர்த்து மனத்தில் இருத்த வேண்டும்: ஆரெ என்றால் பேரன், ஏரெ என்றால் பேயானால், எரெ என்றால் தாத்தா, ஈரெ என்றால் தியாகி. இந்த ஏரெ, எரெ வேறுபாடு ஆங்கில எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றும். மேலே ஒரு கோடு இழுத்துக் காட்டுவார்கள். தமிழில் எழுதினால் கோடு தேவையில்லை. எகர ஏகாரங்களை இவ்வாறு பிரித்தெழுதும் சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் செய்ததாகக் கூறுவர். அவரே கொடுந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதியவர். 1738-இல் தரங்கம்பாடியில் அது அச்சாயிற்று. ஐரோப்பியர் தமிழுக்கு வர அவர் போட்ட பாலத்தில், நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம்.

எல்லா இடத்திலும் அந்தப் பாலம் தாங்குவதில்லை. 'அவன் யார் என்று அறியேன்' என்பதில் நமக்கு எந்த விழைவும் இல்லை. லத்தீன்காரர் அங்கேயும் 'சித்' போடுவார். வினா ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் விழைவு வினை வரவேண்டும் என்பது அவர்கள் மரபு. இதற்குத் தமிழில் துணை தேடிப் பயனில்லை. வியங்கோள் இங்கே கைவிட்டுவிடும். இதை மட்டும் வெறும் விதியாகவே மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

எங்கள் துறையின் உலர்தாவரத் தொகுப்பறைக் கதவில் எழுதி ஒட்டலாம் என்று நான்கு சொற்களை எழுதி வைத்திருக்கிறேன்: வெனியத், விதெயத், திஸ்கத், அமெத். வருக, காண்க, கற்க, நேசிக்க. பேரன், பேயானால், தாத்தா, தியாகி ஆகிய நால்வரும் இதில் ஒவ்வொரு முறை வந்திருக்கிறார்கள், வரிசை மட்டும் மாறி. எது எவர் என்று கண்டுபிடிப்பவர்கள் தொகுப்பறைக்கு வந்து சொல்லலாம். மாலை நான்கு மணிக்கு மேல் அங்கேதான் இருப்பேன்.